கடைசி ஆள் எங்கே?

மழை விட்டிருந்த ஒரு பிற்பகல். மலைக்காட்டுப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று ஆட்களை எண்ணினோம். காலையில் கிளம்பியபோது 14 பேர். இப்போது 12. மறுபடி எண்ணினோம், 12தான். "பின்னாடி வந்துட்டு இருப்பாங்க" என்றார் ஒருவர். குழுவில் மூத்தவரான அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவங்கள கடைசியா யார் பார்த்தீங்க, எந்த இடத்துல?" யாருக்கும் பதில் தெரியவில்லை. நடுவில் வந்தவர்கள், அந்த இருவரும் முன்னால் போய்விட்டதாக நினைத்திருந்தார்கள். முன்னால் போனவர்கள், பின்னால் வருவதாக நினைத்திருந்தார்கள். இரண்டு நினைப்புக்கும் நடுவே இருந்த இடைவெளியில் இரண்டு பேர் காணாமல் போயிருந்தார்கள்.

குழுவாக மலைக்காட்டில் ஒரு நாள் நடந்துவிட்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்புவதைப் பற்றிப் பேசினால், பேச்சு பெரும்பாலும் ஷூ, பை, சிகரத்தின் உயரம் என்றே போகும். எனக்கு அவையெல்லாம் இரண்டாம்பட்சம். அந்த நாள் நல்லபடியாக முடியுமா என்பதை முடிவு செய்வது, முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையில் விழும் தூரம்தான். நேரம் தவறுவது, வழி தவறுவது, மழையில் மாட்டிக்கொள்வது, காலைச் சுளுக்கிக்கொள்வது என எதை எடுத்தாலும், கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் அடியில் இந்தத் தூரம் இருக்கும்.

இந்தப் பழக்கமே நகரம் பெற்றெடுத்தது. மலையில் வாழ்பவர்களுக்கு மலைப்பாதை என்பது வேலைக்கும் சந்தைக்கும் போகும் வழி. அதில் சும்மா நடந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை, ரயிலும் வார விடுமுறையும் வந்த பிறகு நகரத்தில் பிறந்தது. 1889-இல் பிராக் நகருக்குத் தெற்கே ஸ்டெகோவிட்ஸே என்ற ஊரிலிருந்து ஒரு நடைபாதைக்கு வண்ண அடையாளம் தீட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கப்பட்ட செக் சுற்றுலாக் கழகத்தின் முதல் அடையாளப் பாதை அது. வியன்னாவில் 1895-இல் 'இயற்கையின் நண்பர்கள்' இயக்கம் உருவானது. அதைத் தொடங்கியவர்களில் ஓர் ஆசிரியரும் ஓர் இரும்புத் தொழிலாளியும் ஒரு மாணவரும் இருந்தார்கள். கார்ல் ரென்னர் என்ற அந்த மாணவர் பிற்காலத்தில் ஆஸ்திரியாவின் குடியரசுத் தலைவரானார். வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றவர்களுக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். திங்கள் காலை சங்கு ஊதும் முன் திரும்பியாக வேண்டும். 'ஒரு நாள்' என்ற அளவு அப்படித்தான் வந்தது. குழுவாகப் போனதற்கும் காரணம் உண்டு. வழி தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், மற்ற இருபது பேருக்கும் மலை திறந்துவிடும்.

இன்றைக்கு இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த நகரங்கள் சில உண்டு. சியோல் நகரத்தை ஒட்டியே புகான்சான் தேசியப் பூங்கா இருக்கிறது, அதன் உயரமான சிகரம் 836 மீட்டர். டோக்கியோவின் ஷிஞ்சுகு நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தகாவோ மலையடிவாரம். அந்த மலை வெறும் 599 மீட்டர்தான். ஆனாலும் உலகிலேயே மிக அதிகம் பேர் ஏறும் மலைகளில் அதுவும் ஒன்று. வானுயரக் கட்டடங்களுக்குப் பேர்போன ஹாங்காங்கில் நிலப்பரப்பின் சுமார் 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட காடும் மலையும்தான். 1979-இல் திறக்கப்பட்ட அதன் மெக்லஹோஸ் பாதை மட்டும் 100 கிலோமீட்டர் ஓடுகிறது.

நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் இந்த மலைகளின் வசதி, அதுவே அவற்றின் பொறியும். உச்சியில் நின்றால் கட்டடங்கள் தெரியும், இரவானால் விளக்குகள் தெரியும். 'இதோ ஊர்' என்று மனம் தளர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் அந்த விளக்குக்கும் நமக்கும் நடுவே காடு அடர்ந்த பள்ளத்தாக்கு ஒன்று கிடப்பதை மனம் கணக்கில் எடுப்பதில்லை. ஒருவருக்குக் கால் பிசகினால், குறுகலான பாதையில் தூக்குப்படுக்கையில் அவரைக் கொண்டுவர ஆள் மாற்றி ஆள் தோள் கொடுக்க வேண்டும். ஒரு கிலோமீட்டரைக் கடக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவது சாதாரணம். ஊர் பக்கத்தில் இருந்தாலும் உதவி பக்கத்தில் இல்லை.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். 1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு எளிய கணக்கைச் சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். இன்றைய அளவில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி என்று வைத்துக்கொள்ளலாம். 12 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு பாதையை இதில் போட்டுப் பாருங்கள். தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 30 நிமிடம். மொத்தம் நான்கு மணிக்குக் கொஞ்சம் குறைவு. உடல் பழகிய ஒருவர் தனியாகப் போனால் இது ஏறக்குறைய சரியாகவே இருக்கும். அதே பாதையில் 15 பேர் போனால் ஏழு மணி நேரம் ஆகிறது. 'யாரோ மெதுவாக நடந்தார்கள்' என்று பழியை ஒருவர் தலையில் போட்டுவிடுவது வழக்கம். உண்மையில் அந்த மூன்று மணி நேரத்தில் பெரும்பங்கை விழுங்குவது குழு என்ற அமைப்பேதான்.

எப்படி என்று பார்ப்போம். ஒருவர் ஷூ கயிற்றைக் கட்ட நிற்கிறார், மூன்று நிமிடம். அடுத்த வளைவில் இன்னொருவர் தண்ணீர் குடிக்க நிற்கிறார். அப்புறம் ஒருவர் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைக்கிறார். தனியாக நடந்தால் இவை ஒவ்வொருவருக்கும் மூன்று மூன்று நிமிடம்தான். குழுவில் இவை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொள்கின்றன. 15 பேர் ஆளுக்கு ஒரே ஒரு தடவை வேறு வேறு இடத்தில் நின்றாலே 45 நிமிடம் போய்விடும். அதனால்தான் அனுபவமுள்ள தலைவர்கள் கிளம்பிய 20 நிமிடத்தில் ஒருமுறை எல்லோரையும் நிறுத்துவார்கள். அதற்குள் உடல் சூடாகியிருக்கும், மேல்சட்டை கழற்ற வேண்டியவர் கழற்றுவார், ஷூ இறுக்க வேண்டியவர் இறுக்குவார், குதிகாலில் சுருக்கென்று தெரிந்தால் கொப்புளமாகும் முன்பே பிளாஸ்டர் ஒட்டிக்கொள்வார். 15 நிறுத்தங்கள் ஒரே நிறுத்தமாகச் சுருங்கிவிடும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது குறுகலான இடங்கள். ஈரப்பாறை ஒன்றைக் கையூன்றி ஏற வேண்டும், ஆளுக்கு 40 விநாடி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் ஏறிவிட்டுத் தன்பாட்டுக்கு நடையைத் தொடர்கிறார். 15-ஆவது ஆள் பாறைக்கு மேலே வந்து நிற்கும்போது ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடியிருக்கும். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தாலும் முதல் ஆள் அதற்குள் 600 மீட்டர் போயிருப்பார். யாரும் சோம்பலாக இல்லை, யாரும் அவசரப்படவும் இல்லை. இருந்தாலும் ஒரே ஒரு பாறை குழுவை அரைக் கிலோமீட்டருக்கு மேல் இழுத்து நீட்டிவிட்டது. காட்டில் 600 மீட்டர் என்றால் நடுவில் மூன்று வளைவு, ஒரு ஓடை, அதன் சத்தம். கூப்பிட்டால் கேட்காது.

இனி நடப்பதுதான் எனக்கு எப்போதும் மனதை உறுத்துவது. முன்னால் போனவர்கள் நிழலான இடம் பார்த்து உட்கார்கிறார்கள். பத்து நிமிடம் நன்றாக ஓய்வெடுக்கிறார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்கிறார். 'வந்துட்டாரா? சரி, கிளம்பலாம்' என்று எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். ஓய்வு மிக அதிகமாகத் தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. ஓய்வே தேவைப்படாதவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. இதுவே நாள் முழுக்க ஏழெட்டு முறை நடக்கிறது. மதியத்துக்கு மேல் அவர் துவண்டுபோனால், 'உடம்புக்குப் பழக்கமில்லை' என்கிறார்கள். அவரைத் துவள வைத்தது அந்த ஏழெட்டு நிறுத்தங்கள். கடைசி ஆள் வந்து பையை இறக்கி வைத்த பிறகே ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்குவது என்று ஒரு குழு முடிவு செய்துவிட்டால், அந்த ஒரு மாற்றம் மற்ற எந்த ஏற்பாட்டையும்விட அதிகம் செய்துவிடும்.

மெதுவாக நடப்பவர் அதை வெளியே சொல்லமாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் காலையில் அறிமுகமானவர்கள் மத்தியில் 'என்னால் முடியவில்லை' என்று சொல்ல வாய் வராது. தண்ணீர் குடிக்க நின்றால் இன்னும் பின்தங்குவோமோ என்று குடிக்காமலே நடப்பார். குதிகால் எரிந்தாலும் பல்லைக் கடித்துக்கொள்வார். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து, அவரை வரிசையில் இரண்டாவதாக, வழிகாட்டுபவருக்கு நேர் பின்னால் விடுவது. முன்னால் போகிறவர் தன் முதுகுக்குப் பின்னால் கேட்கும் மூச்சை வைத்து வேகத்தைச் சரிசெய்துகொள்ளலாம். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் வேகம் அதிகம். வேகமாக நடக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலாக இருக்கும்தான். ஆனால் அவர்களும் கடைசியில் எங்கேயோ உட்கார்ந்து காத்திருக்கத்தான் போகிறார்கள். காத்திருப்பதற்குப் பதிலாக மெதுவாக நடந்தால் காட்டைப் பார்க்கவாவது செய்யலாம்.

வரிசையின் மறுமுனையில் இருப்பவரை மலையேறுபவர்கள் 'ஸ்வீப்' என்பார்கள். தனக்குப் பின்னால் ஒருவரையும் விடாமல் கூட்டிக்கொண்டு வருபவர். இந்த வேலையைக் குழுவிலேயே மெதுவானவரிடம் தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பெரிய தவறு அது. ஸ்வீப் பாதை தெரிந்தவராக, தெம்பு மிச்சமுள்ளவராக இருக்க வேண்டும். முதலுதவிப் பையும் கூடுதல் விளக்கும் அவரிடம்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அடிபட்டவரும் களைத்தவரும் பின்னால்தான் இருப்பார்கள். தலைவருக்கு வழி தெரிந்தால் போதும். ஸ்வீப்புக்கு மனிதர்களைத் தெரிய வேண்டும்.

ஆனால் எங்களிடமிருந்து விடுபட்டுப்போன இருவரும் ஸ்வீப்புக்குப் பின்னால் போய்விடவில்லை. அன்றைக்கு ஸ்வீப் என்று ஒருவரும் இல்லை, அதுதான் கதை. மழை பிடித்தபோது எல்லோரும் அவரவர் போக்கில் ரெயின்கோட்டை எடுத்தோம். அவர்கள் இருவரும் பைக்கு உறை மாட்ட ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். நிமிர்ந்தபோது முன்னால் ஆளில்லை. கொஞ்ச தூரத்தில், நாங்கள் பிறகு நின்று எண்ணிய இடத்துக்கு வெகு முன்பே, பாதை ஒருமுறை பிரிந்தது. ஒன்று குறுகல், இன்னொன்று அகலம், நன்றாக மிதிபட்டது. அகலமான பாதையில் போனார்கள். யாராக இருந்தாலும் அதில்தான் போயிருப்பார்கள்.

காட்டில் வழி தவறுவது பெரும்பாலும் இப்படித்தான், திடுக்கென்று எதுவும் நடப்பதில்லை. நல்ல பாதையில்தான் போகிறோம் என்ற நிம்மதியோடே தவறுகிறோம். குழுவாகப் போகும்போது இது இன்னும் எளிது. தனியாகப் போகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். குழுவில் இருப்பவர் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்து நடக்கிறார். அந்த முதுகு மறைந்துவிட்டால், கடைசி ஒரு மணி நேரம் எந்த வழியாக வந்தோம் என்பதே அவருக்கு நினைவிருக்காது.

திசை உணர்வை நம்பிக் காட்டுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதை 2009-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர் யான் சௌமனும் அவர் குழுவினரும் சோதித்துப் பார்த்தார்கள். ஜெர்மனியில் சமதளக் காடு ஒன்றிலும் துனீசியாவின் சகாரா பாலைவனத்திலும் ஆட்களை விட்டு, நேராக நடக்கச் சொன்னார்கள். ஜிபிஎஸ் கருவி அவர்கள் தடத்தைப் பதிவு செய்தது. சூரியன் தெரிந்தவரை ஓரளவு நேராகவே நடந்தார்கள். காட்டில் மேகம் மூடியிருந்த நாளில் நடந்தவர்கள் வட்டமடித்தார்கள், தாங்கள் கடந்த தடத்தையே தெரியாமல் மறுபடி கடந்தார்கள். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்பதால் ஒரே பக்கமாகத் திரும்புகிறோம் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. அதுவும் பொருந்தவில்லை, ஒரே ஆள் சில நேரம் இடப்பக்கமும் சில நேரம் வலப்பக்கமும் சுற்றினார். எது நேர் என்ற உணர்வே கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. கண்ணுக்கு ஒரு நிலையான அடையாளம் வேண்டும். மேகமும் மரக்கூரையும் சேர்ந்து மூடிய மலைக்காட்டில் அது கிடைப்பதில்லை.

பாதை அடையாளங்கள் அதற்காகத்தான். செக் நாட்டில் மரத்திலும் பாறையிலும் மூன்று பட்டை தீட்டியிருப்பார்கள், இரண்டு வெள்ளைக்கு நடுவில் ஒரு வண்ணம். ஹாங்காங்கின் நீண்ட பாதைகளில் 500 மீட்டருக்கு ஒரு எண் கம்பம் நட்டிருக்கிறார்கள். உதவிக்கு அழைப்பவர் அந்த எண்ணைச் சொன்னால் போதும், மீட்புக் குழுவுக்கு இடம் தெரிந்துவிடும். 'ஒரு பெரிய மரம், பக்கத்தில் ஒரு ஓடை' என்று சொல்லித் தவிக்க வேண்டியதில்லை. கடைசியாக அடையாளம் பார்த்துப் பத்து நிமிடம் ஆகிவிட்டதா, அப்படியே திரும்பி அந்தக் கடைசி அடையாளம் வரை போய்விட வேண்டும். முன்னால் எங்கேயாவது வரும் என்று போய்க்கொண்டே இருப்பதுதான் ஆளை விழுங்குவது.

எங்கள் இருவரும் அப்படித் திரும்பத்தான் செய்திருந்தார்கள். கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டு, எங்கள் காலடித் தடம் ஈர மண்ணில் இல்லையே என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. திரும்பி வந்து பாதை பிரிந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். விசில் இருந்தது, ஊதியிருக்கிறார்கள். ஓடையின் இரைச்சலில் எங்களுக்குக் கேட்கவில்லை. நாங்கள் நான்கு பேர் பின்னோக்கி நடந்து அவர்களைப் பார்த்தபோது 40 நிமிடம் ஆகியிருந்தது. ஒருவர் முகத்தில் கோபம், இன்னொருவர் கண்ணில் நீர். இரண்டும் நியாயம். பாதை பிரியும் இடத்தில் ஒரே ஒரு ஆள் நின்றிருந்தால் இது நடந்திருக்காது.

அதற்குப் பிறகு நாங்கள் பிடித்துக்கொண்ட வழக்கம் இதுதான்: ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் ஒருவருக்குப் பொறுப்பு. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும், பின்னால் வருபவர் தன்னைப் பார்த்துக் கையசைக்கும்வரை நகரக்கூடாது. தலைவர் 14 பேரையும் மனதில் வைத்திருக்க வேண்டியதில்லை, ஆளுக்கு ஒருவரை வைத்திருந்தால் சங்கிலி அறாது. ஆபத்தில் விசில் ஊதுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் நிமிடத்துக்கு 6 முறை ஊதி ஒரு நிமிடம் இடைவெளி விடுவார்கள், பதிலுக்கு நிமிடத்துக்கு 3 முறை. வட அமெரிக்காவில் மும்முறை ஊதினாலே உதவி என்று பொருள். எதை வைத்துக்கொண்டாலும் சரி, கிளம்பும் முன் எல்லோரும் ஒன்றையே வைத்துக்கொள்ள வேண்டும்.

செல்போனைப் பற்றி ஒரு வார்த்தை. சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையை அது வாங்கிக்கொண்டால் போதும். ஆனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் நிற்கும். அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் இடுக்கான பள்ளத்தாக்கிலும் அந்தப் புள்ளியே சில பத்து மீட்டர் தள்ளிக் காட்டக்கூடும். பாதை பிரியும் இடத்தில் இரண்டு பாதைக்கும் நடுவே இருக்கும் தூரமும் அவ்வளவுதான்.

மழை ஏன் அன்றைக்குச் சரியாகப் பிற்பகலில் பிடித்தது என்பதும் தற்செயல் இல்லை. காலை வெயிலில் மலைச்சரிவு சூடாகிறது, ஈரக்காற்று சரிவைப் பிடித்து மேலே ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. வெப்பமான மாதங்களில் மதியம் இரண்டு மணிவாக்கில் இடியாக இறங்குவது அதனால்தான். விடிந்தவுடன் கிளம்பச் சொல்வதற்கு உண்மையான காரணம் இதுவே. உயரே போகப் போக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும். நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றடிக்கும் முகட்டில், பின்தங்கியவருக்காக அரை மணி நேரம் அசையாமல் நின்றால், வெயில் நாட்டிலும் பல் கிட்டிவிடும். நடந்துகொண்டிருப்பவருக்குக் குளிராது, காத்திருப்பவருக்குத்தான் குளிரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள விநாடிகளை மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்று தெரியும். 30 விநாடிக்குள் இடி கேட்டாலே முகட்டை விட்டு இறங்கத் தொடங்க வேண்டும். அந்த ஒரு சமயத்தில் மட்டும் நெருங்கி நிற்கக்கூடாது, ஆளுக்கு ஆள் தள்ளித் தள்ளி நிற்க வேண்டும், ஒரே மின்னலில் எல்லோரும் அடிபடாமல் இருக்க.

காலையில் கல் மேல் கல் வைத்துத் தாண்டிய ஓடையை மாலையில் போய்ப் பாருங்கள். கல்லே தெரியாது. மலை ஓடை சட்டென்று ஏறும், அதேபோல் சட்டென்று வடியும். கரையில் உட்கார்ந்து ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருப்பது பலமுறை உயிரைக் காக்கும் முடிவு. குழுவில் ஐந்து பேர் ஏற்கெனவே அக்கரைக்குப் போயிருந்தால் அந்த முடிவை எடுப்பதுதான் முடியாமல் போகிறது. மீதிப் பேர் எப்படியாவது சேர்ந்துவிடப் பார்க்கிறார்கள். தண்ணீர் கலங்கத் தொடங்கியிருந்தால், எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு முதல் காலை வைக்கலாமா என்று யோசிக்க வேண்டும்.

தீயைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1996 பிப்ரவரி 10 அன்று ஹாங்காங்கின் பாட் சின் லெங் மலையில் நடைபயணம் போன பள்ளிக் குழு ஒன்று காட்டுத்தீயில் சிக்கியது. மூன்று மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் இறந்தார்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் 20-க்கும் மேற்பட்டோரைத் தீ கொண்டுபோனதைத் தமிழ் வாசகர் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. இரண்டும் காய்ந்த புல் நிறைந்த சரிவுகள். சமதளத்தில் சுடர் மேல்நோக்கி எழும். சரிவில் அதே சுடர் மேலே உள்ள புல்லின் மேல் சாய்ந்து, எரிவதற்கு முன்பே அதைக் காய வைத்துவிடும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. மனிதன் மேலேறும் வேகமோ சரிவு கூடக் கூடக் குறையும். அதனால் உச்சியைப் பார்த்து ஓடுவது, இயல்பாகத் தோன்றினாலும், தீ ஜெயிக்கும் பந்தயத்தில் இறங்குவதுதான். பக்கவாட்டில் விலகி, ஏற்கெனவே எரிந்த நிலத்தையோ வெறும் பாறையையோ அகலமான நீர்ப்படுகையையோ தேட வேண்டும். புகைக்குள் குழு சிதறிப்போகும் என்பது இன்னொரு கொடுமை. கோடையில் வனத்துறை பாதைகளை மூடும்போது, 'நாம் தீ வைக்கப் போவதில்லையே' என்று குறுக்கு வழியில் நுழைவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்தத் தடை நம்மைக் காப்பாற்றத்தான்.

காட்டுக்கு நாம் செய்வதையும் கணக்கில் வைக்க வேண்டும். இதில் கொஞ்சம் எதிர்பாராத விஷயம் ஒன்று உண்டு. பாதையே இல்லாத இடத்தில் முதலில் நடக்கும் சில பத்துப் பேரின் காலடியே சேதத்தில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. செடி நசுங்குகிறது, இலைச்சருகு விலகுகிறது, மண் இறுகுகிறது. ஏற்கெனவே இறுகிய பாதையில் நூறாவதாக நடப்பவர் கூடுதலாகச் செய்யும் கேடு குறைவு. ஆகவே குழு 'பரவி' நடந்தால் பாரம் பகிரப்படும் என்று நினைப்பது தவறு. ஒருவர் பின் ஒருவராக, சேறு கிடந்தாலும் அதன் நடுவிலேயே மிதித்துப் போவதுதான் காட்டுக்கு நல்லது. சேற்றைச் சுற்றிப் போகும் ஒவ்வொருவரும் பாதையை ஓர் அடி அகலமாக்குகிறார். கொண்டை ஊசி வளைவைக் குறுக்கே வெட்டிப் போனால், அடுத்த மழையில் தண்ணீரும் அதே குறுக்கு வழியில் இறங்கும், இரண்டு மூன்று மழைக்காலத்தில் அது ஓடையாகிவிடும், வேர்கள் அந்தரத்தில் தொங்கும். பல காடுகளில் ஒரு குழுவுக்கு 10, 12, 15 பேர் என்று வரம்பு வைத்திருப்பது இந்தக் காரணத்துக்காகவும்தான். அந்த வரம்பு நடப்பவர்களுக்கும் பொருந்துகிறது என்பது என் அனுபவம். 15 பேரைத் தாண்டினால் முதல் ஆளும் கடைசி ஆளும் வெவ்வேறு மலையில் நடக்கிறார்கள்.

இனி இறக்கம். ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சும்மா என்று நினைத்துத்தான் பலரும் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1993-இல் எழுதிய நடை வேகச் சூத்திரத்தில், மூன்று டிகிரிக்குச் சற்றுக் குறைவான மெல்லிய இறக்கத்தில்தான் மனிதன் மிக வேகமாக, மணிக்கு 6 கிலோமீட்டர் நடக்கிறான். அதைவிடச் செங்குத்தானால் இறங்கும்போதும் வேகம் விழுந்துகொண்டே போகும். நைஸ்மித் கணக்குக்கு எரிக் லாங்மியூர் பின்னால் சேர்த்த திருத்தமும் இதையே சொல்கிறது. லேசான இறக்கம் என்றால் 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் கழிக்கலாம், 12 டிகிரிக்கு மேல் செங்குத்து என்றால் பத்து நிமிடம் கூட்ட வேண்டும்.

இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது, ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். மூச்சு வாங்காததால் களைப்பு தெரியாது. ஆனால் தசை உள்ளுக்குள் தளர்ந்துகொண்டிருக்கும். மூன்றாவது மணி நேரத்தில் முழங்கால் நடுங்கும், சருகுக்கு அடியில் இருக்கும் ஈரவேர் காலை வாரும். தவறி விழுவது இறக்கத்தில்தான் அதிகம். அந்த நேரத்தில்தான் வெளிச்சமும் போகிறது. வெளியே இன்னும் மாலை வெயில் இருக்கும்போதே மரக்கூரைக்கு அடியில் இருட்டிவிடும். கிழக்குச் சரிவில் இறங்குகிறவர்களுக்கு மலையே சூரியனை முன்கூட்டி மறைத்துவிடும். ஆளுக்கொரு தலைவிளக்கு என்பது அதனால்தான் அடம்பிடிக்க வேண்டிய விஷயம். போன் விளக்கு ஒரு கையை எடுத்துக்கொள்ளும், உதவிக்கு அழைக்க வேண்டிய பேட்டரியையும் குடித்துவிடும்.

எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்ற நேரத்தைக் காலையிலேயே எல்லோர் காதிலும் போட்டுவிட வேண்டும். அந்த நேரம் முதல் ஆளின் கடிகாரத்துக்கு இல்லை, கடைசி ஆளின் கடிகாரத்துக்கு. சிகரம் 20 நிமிடத்தில் வந்துவிடும் என்று முன்னால் இருந்து குரல் வரும். அது சொல்பவருக்கு 20 நிமிடம், ஸ்வீப்புக்கு 45.

அன்றைக்கு நாங்கள் சிகரம் பார்க்கவில்லை. 14 பேரும் சேர்ந்த இடத்திலிருந்து அப்படியே இறங்கினோம், கோபமாக இருந்தவரை இரண்டாவது இடத்தில் விட்டு. கடைசி ஒரு கிலோமீட்டர் விளக்கு வெளிச்சத்தில்தான். அடிவாரத்தில் அக்கா பாதை முடியும் கல்லின் மேல் நின்று ஒவ்வொரு தலைவிளக்காக எண்ணினார். பதின்மூன்று வரை வந்தது. பிறகு கொஞ்ச நேரம் மரங்களுக்கு நடுவே வெறும் இருட்டு. யாரும் ஷூவைக் கழற்றவில்லை, பையை இறக்கவில்லை. வளைவுக்கு அப்பால் ஒரு வெளிச்சம் அசைந்து அசைந்து வந்தது.